கால் ஆணி மருந்தும் தாத்தா போட்டோவும்

1/
கால் ஆணிக்குத் தடவுற மருந்துக்கும், உங்க வீட்டுக் கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கிற கொள்ளுத்தாத்தா போட்டோவுக்கும் ஒரு சொந்தம் இருக்கு. சும்மா சொல்லலைங்க. இந்தியாவில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்த முதல் தலைமுறையில் பல பேர் மருத்துவர்கள். ரொம்ப வருஷம் கழிச்சு நான் மறுபடி கேமராவைக் கையில் எடுத்தபோதுதான் இந்தக் கதைக்குள்ளே போனேன். கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துக்கிட்டு வாங்க.

2/
என்னுடையது ஒரு பழைய ஜெனித் கேமரா. ரஷ்யத் தயாரிப்பு, செங்கல் கனம். மருத்துவக் கல்லூரி நாட்களில் செகண்ட் ஹேண்டில் வாங்கினது. அப்புறம் மேற்படிப்பு, வேலை, குழந்தைங்கன்னு 20 வருஷம் பீரோ மேலேயே கிடந்தது. நம்ம கடலோரக் காத்துக்கு லென்ஸ் முழுக்க பூஞ்சை பிடிச்சிருக்கும்னு நினைச்சேன். நல்லவேளை, ஓரத்தில் கொஞ்சம்தான். துடைச்சு, ஒரு கருப்பு-வெள்ளை ஃபிலிம் ரோல் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாகூர் மூலநாதர் கோயிலுக்குப் போனேன்.

3/
பாகூர் கோயிலைப் பார்க்காதவங்களுக்கு ஒரு வார்த்தை. சோழர் காலக் கற்றளி. அங்கே போய் அண்ணாந்து பார்க்காதீங்க, குனிஞ்சு பாருங்க. அடித்தளம் முழுக்க வரிவரியா கல்வெட்டு. நடுநடுவே உள்ளங்கை அகலத்தில் சின்னச் சின்னச் சிற்பங்கள். 36 படம் எடுத்தேன். ரோலைக் கழுவி வாங்கினா நெகட்டிவ் கன்னங்கரேல்னு இருக்கு. கடைக்காரர் எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பிடிச்சு, "டாக்டர், இதுல ஒண்ணும் தேறாது" என்றார். தப்பு முழுக்க என்னுடையதுதான்.

4/
இந்தக் கேமராவில் லென்ஸின் துளையைப் பெரிசாத் திறந்துவெச்சு ஃபோகஸ் பண்ணணும். பிறகு ஒரு வளையத்தைத் திருப்பித் துளையைச் சின்னதாக்கணும். அப்புறம்தான் பட்டனை அழுத்தணும். அந்த ஒரு திருப்பலை 36 தடவையும் மறந்திருக்கேன். கைக்கு இருந்த பழக்கம் 20 வருஷத்தில் போயே போச்சு. வெட்கத்தை விட்டு முதல் பாடத்திலிருந்து ஆரம்பிச்சேன். அந்தப் பாடத்தை உங்களுக்கும் சொல்லிடுறேன். கண்ணைப் பத்தித் தெரிஞ்சா கேமரா பாதி தெரிஞ்ச மாதிரி.

5/
லென்ஸின் துளை என்பது நம்ம கண்ணின் பாப்பா. இருட்டில் விரியும், வெயிலில் சுருங்கும். கேமராவில் அதை நாம்தான் விரிச்சுச் சுருக்கணும். லென்ஸ் மேலே எஃப் 2, எஃப் 4, எஃப் 16 என்று எண்கள் இருக்கும். குழப்பமே வேண்டாம், இது வெறும் வகுத்தல் கணக்கு. என் லென்ஸின் குவியத்தூரம் 58 மி.மீ. அதை 2-ஆல் வகுத்தா 29 மி.மீ., பெரிய துளை. 16-ஆல் வகுத்தா மூன்றரை மி.மீ. சொச்சம், சின்னத் துளை. எண் ஏற ஏறத் துளை சிறுக்கும்.

6/
சின்னத் துளையால் என்ன லாபம்? கண் பரிசோதனையில் ஊசித்துளை போட்ட அட்டை வழியா எழுத்தைப் படிக்கச் சொல்லியிருப்பாங்களே, கண்ணாடி போடாமலேயே எழுத்து தெளிவாத் தெரியும். அதே தத்துவம்தான். துளை சிறுத்தா முன்னாலும் பின்னாலும் நிறைய தூரம் தெளிவா விழும். இதற்கு நேர் எதிர், சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரிச்ச கண். வெளியே வந்தா கூசும், கிட்டே இருக்கிற எழுத்து மங்கும். என் முதல் ரோல் அப்படிப்பட்ட கண்ணோட வெயிலில் நின்னிருக்கு.

7/
அடுத்து டோஸ். உச்சி வெயிலுக்குப் பழைய போட்டோகிராபர்கள் வைத்திருந்த கணக்கு ஒன்று உண்டு. துளையை எஃப் 16-இல் வை. ஃபிலிமின் ஐ.எஸ்.ஓ. 400 என்றால் ஷட்டர் ஒரு நொடியில் 400-இல் ஒரு பங்கு. என் கேமராவில் அதற்குப் பக்கத்தில் இருப்பது 500-இல் ஒரு பங்கு. நான் ஷட்டரைச் சரியா வெச்சேன், துளையை எஃப் 2-இல் விட்டுட்டேன். ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் இரட்டிப்பு. மொத்தம் 6 படி. அதாவது 64 மடங்கு வெளிச்சம். பாராசிட்டமாலை 64 மடங்கு கொடுத்தா நோயாளி பிழைப்பாரா?

8/
இதையெல்லாம் திரும்பப் படிக்கும்போதுதான் அந்தப் பழைய டாக்டர்கள் வரிசையாக எதிர்ப்பட ஆரம்பிச்சாங்க. புகைப்படம் உலகத்துக்கு அறிமுகமானது 1839-இல், பாரிஸில். டாகர் என்பவரின் முறையைப் பிரெஞ்சு அரசு விலைக்கு வாங்கி அந்த ஆகஸ்டில் பொதுவில் அறிவித்தது. அடுத்த 10, 15 வருஷத்துக்குள் இந்தியாவில் கேமராவோடு அலைந்தவர்களைப் பாருங்க.

9/
ஜான் மெக்காஷ், வங்காளப் படையின் அறுவை மருத்துவர். 1848-49 சீக்கியப் போர், 1852 பர்மியப் போர் இரண்டிலும் படம் எடுத்தவர். போர்க்காலத்தைப் புகைப்படமாக்கிய உலகின் முதல் சிலரில் ஒருவர். ஜான் முரே, ஆக்ராவில் அரசு மருத்துவர். காலரா பத்தி எழுதினவர். தாஜ்மகாலை பெரிய பெரிய காகித நெகட்டிவ்களில் எடுத்தவர். ஆண்ட்ரூ நீல், மதராஸ் படை மருத்துவர். ஹளேபீடு கோயில் சிற்பங்களை 1850-களில் படமாக்கியவர். மெக்காஷ் 1856-இல் எழுதிய புத்தகத்தில், இந்தியாவுக்கு வரும் இளம் மருத்துவர்கள் புகைப்படம் கற்கணும்னு அறிவுரையே சொல்லியிருக்கார்.

10/
ஏன் டாக்டர்கள்? அன்றைக்கு ஒரு படம் எடுக்க ரசாயனம் தெரியணும். சில்வர் நைட்ரேட், ஈதர், ஆல்கஹால், ஹைப்போ. இதெல்லாம் ஒரே அலமாரியில் இருக்கிற இடம் மருந்தறைதான். சில்வர் நைட்ரேட்டை நாங்க புண்ணைச் சுடப் பயன்படுத்துவோம். ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்ஃபேட், இன்றைக்கும் சயனைடு நஞ்சுக்கு முறிவு மருந்து. ஈதர் மயக்க மருந்து. இன்னொரு காரணமும் இருக்கு. பார்த்ததைப் பார்த்தபடி பதிவு பண்ணுகிற பழக்கம் எங்க தொழிலோடு வருவது.

11/
இப்போ கால் ஆணிக்கு வரலாம். அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைச்சா பாகு மாதிரி ஒரு திரவம் வரும். பேர் கொலோடியன். காய்ந்தா மெல்லிய தோல் மாதிரி ஒட்டும். 1840-களின் கடைசியில் காயத்து மேலே பூசுற மருந்தா வந்தது. 1851-இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் அதையே கண்ணாடித் தகட்டில் பூசி, வெள்ளி உப்பை ஏற்றி, படம் எடுக்கும் முறையை வெளியிட்டார். உலகமே அதற்கு மாறியது. கால் ஆணி, மரு மருந்து பாட்டிலைத் திருப்பிப் பாருங்க. பலவற்றில் கொலோடியன்னு போட்டிருக்கும்.

12/
அந்த முறையில் ஒரு கஷ்டம். தகடு ஈரமா இருக்கும்போதே படம் எடுத்துக் கழுவிடணும். சில நிமிஷம்தான் நேரம். நம்ம ஊர் வெயிலில் இன்னும் குறைவு. அதனால போகிற இடமெல்லாம் இருட்டறைக் கூடாரமும் போகணும். இதைத் தீர்த்ததும் ஒரு டாக்டர்தான். ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ், இங்கிலாந்துக்காரர். ஈதர் ஆவி அவர் உடம்புக்கு ஒத்துக்கலை. மாற்று தேடி, 1871-இல் ஜெலட்டினில் வெள்ளி உப்பைக் கலந்து உலர் தகடு செய்யும் வழியை எழுதி வெளியிட்டார். பின்னால் வந்த ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் அந்த வம்சம்தான்.

13/
மதராஸுக்கு வருவோம். 1850-இல் கலைப் பள்ளி தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர். அவரும் அறுவை மருத்துவர். இன்றைய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியின் வேர் அதுதான். மதராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி 1856-இல் உருவானதிலும் அவர் பங்கு பெரிசு. அதே வருஷம் மதராஸ் அரசு லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியை அரசுப் புகைப்படக்காரரா நியமித்தது. அவருக்கு முதன்மை உதவியாளர், கலைப் பள்ளியைச் சேர்ந்த ஐயாசாமி. நம்ம ஆள், தானே படம் எடுக்கவும் தெரிந்தவர்.

14/
மாட்டுவண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு 1858-இல் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் எல்லாம் சுற்றினார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை ட்ரைப் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். சுமார் 19 அடி. அழகுக்காக இல்லைங்க, எழுத்தைப் படிக்கணும்னு. 1860-இல் புது ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் இது ஆடம்பரச் செலவுன்னு சொல்லி அந்த வேலையையே மூடிட்டார்.

15/
பெருமை மட்டும் சொன்னா பாதிக் கதைதான். 1868 முதல் 1875 வரை 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' என்று 8 தொகுதிகள் வந்தன. பதிப்பாசிரியர் இருவரில் ஒருவர் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன். அவரும் டாக்டர்தான்! நூற்றுக்கணக்கான இந்திய முகங்கள். பெரும்பாலான படங்களுக்குக் கீழே சாதிப் பெயர், இனப் பெயர். அந்த ஆளோட பெயர் இல்லை. ஆளப்படுகிறவர்களை வகை பிரிச்சுத் தெரிஞ்சுக்க எடுத்த படங்கள் அவை.

16/
இதைப் படிச்சப்போ எனக்குச் சுருக்னு இருந்தது. வார்டில் நாங்களும் "12-ஆம் பெட் டைஃபாய்டு" என்றுதானே சொல்வோம்? நோய் நினைவில் நிக்கும், ஆள் பெயர் மறந்துடும். "போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்"னு நம்ம பாட்டிமார் பயந்ததை மூடநம்பிக்கைன்னு சிரிப்போம். பெயரைக் கேட்காமல் முகத்தை மட்டும் எடுத்துக்கிட்டுப் போறவனைப் பார்த்தா யாருக்குத்தான் பயம் வராது?

17/
சரி, நம்ம புதுச்சேரி. 1955 மார்ச்சில் இங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. முதல் இயக்குநர் ஜான் ஃபிலியோசா. இவர் யார் தெரியுமா? மருத்துவம் படித்து, பல வருஷம் மருத்துவராகவே வேலை பார்த்துவிட்டு, சமஸ்கிருதம், தமிழ் பக்கம் வந்தவர். பழைய இந்திய மருத்துவம் பத்தி 1949-இல் பெரிய நூல் எழுதியவர். அந்த நிறுவனத்தில் தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்துச் சேர்த்தார்கள். இன்றைக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். பெரும்பாலும் கருப்பு-வெள்ளை. எந்த ஊர், எந்தக் கோயில், எந்த மூர்த்தி என்ற குறிப்போடு.

18/
அந்தக் குறிப்பு என்ன செய்யும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கு. விருத்தாசலம் கோயிலின் அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை ஆஸ்திரேலியாவில் ஒரு அருங்காட்சியகத்தில் இருந்தது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜரை இன்னொரு அருங்காட்சியகம் 2008-இல் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியிருந்தது. இவை நம்ம கோயில்களில் இருந்தவைதான் என்று காட்ட உதவியவை புதுச்சேரியில் இருந்த அந்தப் பழைய படங்கள். பழைய எக்ஸ்ரேயையும் புது எக்ஸ்ரேயையும் பக்கத்தில் வெச்சுப் பார்ப்போமே, அது மாதிரி. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே இரண்டையும் டெல்லியில் ஒப்படைத்தார்.

19/
யோசிச்சுப் பாருங்க. அந்தப் படத்தை எடுத்தவருக்கு இது ஒருநாள் சாமியைத் திருப்பிக் கொண்டுவரும்னு தெரிஞ்சிருக்காது. வெயிலில் நின்னு ஃபோகஸ் பண்ணி எடுத்தார். திரும்பி வந்து ஊர்ப் பெயரை எழுதி வெச்சார். அவ்வளவுதான். எழுதாமல் விட்டிருந்தா அது இன்னொரு அழகான சிலைப் படம், அதற்கு மேல் ஒண்ணும் இல்லை.

20/
பாகூருக்கே வாங்க. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு, 9-ஆம் நூற்றாண்டு. பாகூரில் இருந்த கல்விக்கூடத்துக்கு 3 ஊர்களைக் கொடுத்த செய்தி அதில் இருக்கு. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி. ஆயிரம் வருஷம் தாண்டியும் அந்தப் பெயர்கள் நமக்குத் தெரியுது. இந்தப் பகுதிக் கல்வெட்டுகளைத் தொகுத்தவரும் பாகூர்க்காரர்தான், பாகூர் சு. குப்புசாமி. கோ. விஜயவேணுகோபால் பதிப்பித்து 2006-இல் பிரெஞ்சு நிறுவனங்கள் வெளியிட்டன. வெட்டினவன், படி எடுத்தவர், அச்சிட்டவர்கள் என்று பல கைகள் சேர்ந்து காப்பாற்றிய பெயர்கள்.

21/
இரண்டாவது ரோலோடு மறுபடி பாகூர் போனேன். இந்தத் தடவை உச்சி வெயிலில் இல்லை, காலை 7 மணிக்கு. கல்வெட்டுக்குப் பக்கவாட்டு வெளிச்சம்தான் மருந்து. நேரா அடிக்கிற வெளிச்சத்தில் எழுத்து அமுங்கிப் போகும். சாய்ந்து வந்தா ஒவ்வொரு குழியிலும் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிக்கும். தோலில் லேசான தடிப்பைப் பார்க்க டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்ச்சுப் பிடிப்போமே, அதேதான். இந்தத் தடவை வளையத்தைத் திருப்பினேன். 36-இல் 22 தேறிச்சு. ஒவ்வொண்ணுக்கும் நோட்டில் தேதி, நேரம், எந்தப் பக்கச் சுவர் என்று எழுதி வெச்சேன்.

22/
அந்த நோட்டை வீட்டில் எழுதிக்கிட்டிருக்கும்போதுதான் அம்மாவின் ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு 78 வயசு. போன வருஷத்திலிருந்து மறதி. காலையில் என்ன சாப்பிட்டாங்கன்னு தெரியாது. ஆனா வில்லியனூர் தேர்த் திருவிழாவில் வாங்கின வளையல் என்ன நிறம்னு கேட்டா சொல்லுவாங்க. இந்த நோயில் புது நினைவு முதலில் போகும், பழசு கொஞ்ச காலம் தங்கும். மத்தவங்களுக்கு ஆயிரம் தடவை சொன்ன எனக்கு, அந்தக் 'கொஞ்ச காலம்' என் வீட்டில் ஓடிக்கிட்டிருக்குன்னு அன்னைக்குத்தான் உறைச்சது.

23/
அம்மா பீரோவில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய போட்டோ. ஞாயிற்றுக்கிழமை தோறும் ரெண்டு பேரும் உட்காருகிறோம். "இது யாரு, சொல்லு பார்ப்போம்"னு பரீட்சை வைக்கிறதில்லை. அப்படிக் கேட்டா அவங்க வெட்கப்பட்டு ஒடுங்கிடுவாங்க. "இந்தப் புடவை எங்கே வாங்கினது?"ன்னு ஆரம்பிப்பேன். கதை தானா வரும், கதைக்குள்ளே பெயரும் வரும். நான் பின்பக்கம் பென்சிலில் எழுதிக்கிறேன். இதுவரை 41 படம் ஆச்சு.

24/
ஒரு படம் மட்டும் நகரலை. வில்லியனூரில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. ஆயா நாற்காலியில். மடியில் அம்மா. பின்னால் ஒரு பெண், ஆயா தோளில் கை வெச்சபடி. இவ்வளவு உரிமையா கை வெச்சவங்க நெருங்கின சொந்தமாத்தான் இருக்கணும். அம்மா ரொம்ப நேரம் பார்த்தாங்க. "அது... நம்ம... நல்லா கோலம் போடுவா" என்றாங்க. பெயர் வரலை. கேட்க இனி யாரும் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின 3 ஊர் பெயர் தெரியுது, என் ஆயா தோளில் கை வெச்சவங்க பெயர் தெரியலை.

25/
உங்க வீட்டிலும் ஒரு டப்பா இருக்கும். இந்த வாரமே எடுங்க.
மென்மையான பென்சிலில் பின்பக்க ஓரத்தில் பெயர், ஊர், வருஷம் எழுதுங்க. பால்பாயின்ட் பேனா அழுத்தி முன்பக்கம் தெரியும், வேண்டாம்.
பசை ஒட்டும் ஆல்பத்தில் இருந்தால் மெதுவா எடுத்துக் காகித உறைக்கு மாத்துங்க.
ஈரச் சுவரை ஒட்டி வைக்காதீங்க, சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்க.
போனில் படி எடுத்தா ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சமே போதும். போனைப் படத்துக்கு நேரா பிடிங்க.
உங்க போனில் இருக்கிற ஆயிரக்கணக்கான படங்களில் வருஷத்துக்கு ஒரு டஜன் மட்டும் அச்சடிச்சு, பெயர் எழுதி வையுங்க.

26/
கிளினிக்கில் அடிக்கடி பார்க்கிறேன். வீட்டுக்காரர் இறந்த பிறகு மாட்ட ஒரு நல்ல படம் இல்லாமல், வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிசாக்கி மாலை போடுறாங்க. அதனால இப்போ பாகூர் சிற்பங்களோடு சேர்த்து மனுஷங்களையும் எடுக்கிறேன், கேட்டுக்கிட்டு. முதல் கேள்வி எப்பவும் "உங்க பேர் என்னங்க?" அப்புறம்தான் துளை, ஷட்டர் எல்லாம்.

27/
அந்த வில்லியனூர் போட்டோவின் பின்னால் என்ன எழுதுறதுன்னு தெரியாமல் ரெண்டு வாரம் வெறுமனே வெச்சிருந்தேன். போன ஞாயிறு எழுதிட்டேன்: "பின்னால் நிற்பவர் பெயர் தெரியவில்லை. நன்றாகக் கோலம் போடுவார். அம்மா சொன்னது." கீழே தேதி. பெயர் வந்தா எழுத பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கேன்.

உங்க வீட்டு டப்பாவில் என்ன கிடைச்சதுன்னு வந்து சொல்லுங்க.